ஆசாரத்துல உக்காருங்க

எங்கள் பல்கலைக்கழகத்தில் எது ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூரை ஒழுகினாலும் நான், குழாய் ஒழுகினாலும் நான். ஒருமுறை ஒரு பேராசிரியர் தன் அறையின் ஏசி ஒழுகுவதாகச் சொல்ல வந்தவர், பேச்சோடு பேச்சாகத் தன் மாமியார் வீட்டுக் குளியலறை ஒழுகுவதையும் சொல்லிவிட்டுப் போனார். கட்டடப் பிரிவின் பொறியாளர் நான். வளாகத்தில் "இஞ்சினியரம்மா" என்றால் போதும், என் அறையைக் காட்டிவிடுவார்கள். கோபக்காரி என்றும் ஒரு பெயர் உண்டு. அது பொய்யில்லை. மொட்டை மாடியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு மழைத்தண்ணீர்க் குழாயை அடைத்துவிட்டு, "சுவரெல்லாம் ஓதம் காக்குதுங்க மேடம்" என்று வந்து நிற்கிறவர்களைக் கொஞ்சிக்கொண்டா இருக்க முடியும்?

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வளாகம். வானம் தெளிந்த நாளில் நூலக மாடியிலிருந்து கொல்லிமலை முழுதாகத் தெரியும். பல்கலைக்கழகம் ஆவதற்கு முன்பு இது கல்லூரி. அந்தக் காலத்தில் கட்டிய முதல் கட்டடம் இன்றும் வாசலுக்கு நேரே நிற்கிறது. நடுவில் ஒரு பெரிய கூடம். கருங்கல் தூண்கள், கடப்பைக்கல் தரை, தலைக்கு மேலே நல்ல உயரத்தில் கூரை. மூன்று பக்கமும் அறைகள் சுற்றி நிற்க, முன்பக்கம் மட்டும் திறந்து கிடக்கும். சுவரும் இல்லை, கதவும் இல்லை. படியேறினால் நேரே கூடத்தில்தான் கால் வைக்க வேண்டும்.

வரைபடத்தில் அதற்கு நுழைவுக்கூடம் என்று பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை நான் வரைபடத்தில் தவிர வேறெங்கும் சந்தித்ததில்லை. அலுவலக உதவியாளர் முதல் கேன்டீனில் போண்டா போடுகிறவர் வரை எல்லோருக்கும் அது ஆசாரம். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வாசலைத் தாண்டியதும் வரும் முன்கூடத்துக்கு ஆசாரம் என்று பெயர். ஒரம்பரை, அதாவது சொந்தபந்தமோ விருந்தாளியோ வந்தால், ஆசாரத்தில் உட்கார வைத்துத்தான் தண்ணீர் கொடுப்பார்கள். பெண் பார்ப்பதும் அங்கேதான், பங்காளிச் சண்டையும் அங்கேதான். இந்தக் கூடத்தைக் கட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்த பெரிய கட்டடம் பெரிய வீடுதான் என்பதால், கல்லூரிக்கும் ஓர் ஆசாரம் வைத்துக் கட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆசாரம் என்றால் வேறு பொருள். குளித்து மடியாக இருப்பது, தீட்டுப் பார்ப்பது, தொடாதே நில்லாதே என்பது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்குச் சேர வந்த ஒரு விரிவுரையாளரிடம் எங்கள் அலுவலக உதவியாளர், "சார், கொஞ்ச நேரம் ஆசாரத்துல இருங்க, கூப்புடறோம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கொண்டுவந்த டீயையும் குடிக்காமல் நின்றுகொண்டே இருந்தார். துணைவேந்தரைப் பார்க்க இங்கே விரதம் இருக்க வேண்டும் போல என்று நினைத்தாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோமே தவிர, அதிலிருந்து எங்களில் ஒருத்தருக்கும் புத்தி வரவில்லை.

அந்த ஆசாரத்தின் மேல் எனக்குத் தனியாக ஒரு பிடிப்பு உண்டு. அதைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும்.

நான் இங்கேயே படித்தவள். என் அப்பா பண்ணையத்துக்குப் போனவர். அடுத்தவர் காட்டில் உழுவார், தண்ணீர் கட்டுவார், மாடு கன்று பார்ப்பார். அந்த வீடுகளின் ஆசாரம் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். வாசலில் நின்று பார்த்துத் தெரியும். உள்ளே கால் வைத்ததில்லை. கூலியும் சோறும் பேச்சும் வாசலோடு சரி. அவரை விட்டது அவ்வளவுதான். எங்கள் வீட்டிலோ ஆசாரம் என்ற ஒன்று கிடையாது. ஒரே அறை. சமைப்பதும் படிப்பதும் படுப்பதும் அதிலேயே.

என்னைச் சேர்க்க நாங்கள் சேந்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தோம். படிக்கட்டின் கீழே வந்ததும் அப்பா நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தலைக்கு மேலே நல்ல வெயில். உள்ளே எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் மட்டும் ஏறவில்லை. நான் கூப்பிட்டும் அசையவில்லை. அப்போது அங்கே வேலை பார்த்த ஒரு அலுவலக உதவியாளர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அங்கெதுக்கு வெயில்ல நிக்கறீங்க? ஆசாரத்துல வந்து உக்காருங்க" என்றார். அப்பா திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "உங்களத்தானுங்க" என்றார் அவர், காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தபடியே.

அப்பா படியேறினார். ஒரு தூணின் பக்கத்தில், சாயாமல், காலை மடக்கி, இருக்கிற இடத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ போயிட்டு வா சாமி. நான் ஆசாரத்துல இருக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நான் திரும்பி வந்தபோதும் அதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தார். கட்டிக்கொண்டு வந்த இட்லியை அங்கேயே தின்றோம். பிறகு பல வருடம், வீட்டுக்கு யார் வந்தாலும், "காலேசு ஆசாரத்துல உக்காந்து இட்லி தின்னுபோட்டு வந்தமுங்க" என்று ஒருமுறையாவது சொல்லாமல் இருந்ததில்லை. நான் தேறியதைக்கூட அவர் அவ்வளவு பேரிடம் சொல்லவில்லை. அப்பா இப்போது இல்லை.

இதனால் நான் பழைய கட்டடம் என்றால் உருகுகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. சுற்றியிருந்த அறைகளை எப்போது இடிப்பார்கள் என்று காத்திருந்தவளே நான்தான். காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, மழைக்காலம் வந்தால் வாளியோடு குடித்தனம். பெண்பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை கட்ட அதில் இடமே இல்லை. ஆய்வகத்தில் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கும். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று வெளியூரிலிருந்து ஒரு குழு வந்து, முகப்பில் இருக்கும் வளைவுகளைத் தடவித் தடவிப் படம் எடுத்தது. அந்த வளைவுகள் நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு பட்டமளிப்பு விழாவுக்காக அவசரமாகப் போட்ட சிமெண்டு வேலை. நான் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், வெயிலில் வந்திருந்தார்கள்.

அப்படிக் காத்திருந்த எனக்கு ஒருநாள் நல்ல செய்தி வந்தது. அடுத்த தலைமுறைக்கான வளாகத் திட்டம் போடச் சொல்லி அரசிடமிருந்து உத்தரவு. பல மாடிக் கட்டடம், புதிய ஆய்வகங்கள், லிப்ட், எல்லாம். திட்டம் வரையச் சென்னையிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்தார். இளம் வயதுப் பெண். கெட்டிக்காரி. வந்த அன்றே வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது, பிள்ளைகள் எந்த வழியாகக் குறுக்கே நடக்கிறார்கள் என்றெல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார். எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு ஒருவரைப் பிடிப்பது எளிதில்லை என்று என் பிரிவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வரைவதற்கு முன்பு எல்லோர் கருத்தையும் கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் கூட்டம் போட்டார். ஆசாரத்திலேயே போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. விருந்தினருக்கு வேர்க்குமே என்று குளிர்சாதன அரங்கத்தில் போட்டார்கள். ஊழியர்கள், மாணவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் என்று அரங்கம் நிறைந்திருந்தது. வளாகத்தை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் முதலில் எழுந்தார். "எத்தன மாடி வேணாலும் கட்டுங்க, நாங்க வேண்டாங்கல. ஆசாரத்துல மட்டும் கை வெச்சுப்போடாதீங்க. ஆசாரம் இல்லாத ஊடு ஒரு ஊடுங்களா?"

எங்கள் வீட்டில் ஆசாரம் இருந்ததில்லை, ஆனால் அது வீடுதான் என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அவர் வீடு மாதிரியான வீடுகளின் வாசலில்தான் அப்பா காலமெல்லாம் நின்றார். ஆனாலும் அன்றைக்கு எனக்கு வேண்டியதும் அவருக்கு வேண்டியதும் ஒன்றாக இருந்துவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்ததும் ஆளாளுக்கு எழுந்தார்கள். "ஆமாங்க, ஆசாரம் அப்படியே இருக்கோணும்" என்றார் கேன்டீன்காரர். மாணவிகள் பக்கமிருந்து ஒரு பெண், "எங்களுக்கும் ஆசாரம் வேணுங்க மேடம்" என்றாள். இளம் பிள்ளைகளே இப்படிச் சொல்கிறார்களே என்று சென்னைப் பெண்ணின் முகத்தில் ஓர் ஆச்சரியம் தெரிந்தது. கடைசியில் நானும் எழுந்து, ஆசாரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் எல்லோருடைய கருத்தும் என்று முடித்துவைத்தேன். கூட்டக் குறிப்பை எழுதியவளும் நான்தான். "வளாகத்தின் ஆசாரம் காக்கப்பட வேண்டும் என அனைவரும் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டனர்" என்று நல்ல தமிழில் எழுதி, படித்துப் பார்த்து, திருப்தியோடு அனுப்பிவைத்தேன். அதைப் பார்த்த எங்கள் துணைவேந்தர், அவர் தஞ்சாவூர்ப் பக்கம், "இந்தப் பக்கம் இவ்வளவு ஆசாரம் பார்ப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லைம்மா" என்றார். ஏதோ பாராட்டுகிறார் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

சில வாரங்கள் கழித்து வரைவுத் திட்டம் வந்தது. என் மேசையில் விரித்துப் பார்த்தேன். புதுக் கட்டடம் அருமையாக வந்திருந்தது. ஆய்வகங்களுக்கு வடக்கு வெளிச்சம், ஒவ்வொரு மாடியிலும் பெண்களுக்குக் கழிப்பறை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம். பழைய கட்டடத்தின் மேல் மட்டும் ஒரே சிவப்பு. சிவப்பு என்றால் இடிக்க வேண்டியது. அறைகள் சிவப்பு, சரி. ஆசாரமும் சிவப்பு. வளாகத்தின் ஈசானிய மூலையில் ஒரு சின்ன மண்டபம் புதிதாக முளைத்திருந்தது. சுற்றிலும் துளசி, முன்னால் கால் கழுவக் குழாய், செருப்பு வைக்கத் தனி இடம். அதன் மேல் "ஆசார மண்டபம்" என்று எழுதியிருந்தது.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தேன். எங்கள் ஸ்டோர்கீப்பர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்து பார்த்தார். அப்புறம் அந்தச் சிவப்பை மறுபடி பார்த்தேன், சிரிப்பு நின்றது. திட்டம் பல்கலைக்கழகக் கட்டடக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. துணைவேந்தருக்கு மண்டபம் மிகவும் பிடித்துவிட்டது. மக்கள் உணர்வை மதித்திருக்கிறார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்துவிட்டால் இடிக்கிற வேலையை ஆரம்பித்து வைக்க வேண்டியவளும் நானே.

உடனே சென்னைப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"என்னம்மா, ஆசாரத்தை எடுத்துட்டீங்களே!"

"ஐயோ, இல்லை மேடம். ஆசாரத்துக்குன்னுதானே தனி மண்டபமே கொடுத்திருக்கோம். செருப்பு வைக்கக்கூட இடம் விட்டிருக்கேன்."

"செருப்பை எதுக்கு வைக்கணும்?"

"ஆசாரம்னா செருப்போட போக மாட்டாங்க இல்லையா மேடம்?"

"எங்க ஆசாரத்துல எல்லாரும் செருப்போடதான் போறோம், வாறோம்."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "மேடம், எனக்குத் தனிப்பட்ட முறையில இந்த ஆசாரம், மடி, இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா உங்க ஊர் வழக்கத்தை மதிக்கணும்னுதான்…" என்றார்.

அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. நாகர்கோவில்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. ஓர் அரங்கம் நிறைய மனிதர்கள், ஒருத்தர் தவறாமல், அந்தப் பெண்ணிடம் தீட்டுப் பார்ப்பதைக் காப்பாற்றிக் கொடு என்று மன்றாடியிருக்கிறோம். போதாக்குறைக்கு நான் அதை எழுத்தில் வேறு கொடுத்திருக்கிறேன். அப்பாவை வாசலிலேயே நிறுத்திவைத்த வழக்கத்துக்குக் கடைசியில் நானே மண்டபம் கட்டச் சொல்லியிருக்கிறேன். இதை அவர் கேட்டிருந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்.

விளக்கிச் சொன்னேன். அந்தப் பெண்ணும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும், "அப்போ நீங்க சொல்றது அந்த லாபியை. அது ஒண்ணும் பிரச்சனை இல்லை மேடம். புதுக் கட்டடத்துல அதைவிடப் பெரிய லாபி இருக்கே. கண்ணாடிக் கதவு, ஏசி, சோபா எல்லாம் உண்டு" என்றார்.

"அதுல யாரு உட்காருவாங்க?"

"யார் வேணும்னாலும் உட்காரலாம் மேடம்."

"உட்காரலாம்தான். உட்கார மாட்டாங்க."

"ஏன்?" என்றார். அந்தக் கேள்வியில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். போனில் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. எனக்குச் செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேச வரும், இதைப் பேச வராது. "சேர்க்கை நடக்கிற வாரத்துல ஒருநாள் வாங்க. குழுக் கூட்டத்துக்கு முன்னாடியே வந்துடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். காலையிலேயே வளாகம் திருவிழாவாக இருந்தது. தம்மம்பட்டி, ஜேடர்பாளையம், சேந்தமங்கலம் என்று நாலா திசையிலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்கிய குடும்பங்கள். ஆசாரத்தில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் தூக்குப்போசியைத் திறந்து சாப்பாடு நடந்தது. இன்னொரு பக்கம், முன்பின் தெரியாத இரண்டு பேர் பேச ஆரம்பித்து, கால் மணி நேரத்தில் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் முறை கண்டுபிடித்துவிட்டார்கள். இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு மகனைக் கூட்டி வந்திருந்த ஒருவர் தூணோரம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தை ஒட்டிப் பெற்றோர் காத்திருக்க ஓர் அறை உண்டு. சில வருடங்களுக்கு முன்பு மேலிடத்து உத்தரவுப்படி நான் கட்டியதுதான். கண்ணாடிக் கதவு, ஏசி, மெத்தை வைத்த நாற்காலிகள். கட்டடக் கலைஞரை முதலில் அங்கே அனுப்பினேன். காரணம் சொல்லாமல், உட்கார்ந்துவிட்டு வாங்க என்றேன். நல்ல நேரம் கழித்து வெளியே வந்தார். "மேடம், உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன். ரெண்டு மூணு பேர் கதவைத் திறந்து பார்த்தாங்க. என்னைப் பார்த்துட்டு, 'தெரியாம வந்துட்டமுங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிட்டாங்க."

சொல்லிவிட்டுப் போய், படிக்கட்டின் கீழே வெயிலில் நின்று ஆசாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஜேடர்பாளையத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மடியில் சோற்றுப் போசியோடு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் வளாகத்தையே முதன்முதலாகப் பார்க்கிறவர். அவர் இந்தப் பெண்ணைச் சேர்க்கைக்கு வந்த மாணவி என்று நினைத்துக்கொண்டு, "அம்முணி, எதுக்கு வெயில்ல நின்னுட்டு இருக்கறே? ஆசாரத்துல வந்து உக்காரு. உங்கூட்டுலருந்து யாரும் வல்லியா?" என்று சத்தம் போட்டார்.

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கையை விரித்தேன். படியேறிப் போனார். அந்த அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, கட்டடக் கலைஞர் சப்பணமிட்டு உட்கார்ந்து, போசி மூடியில் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார். கல்யாணம் ஆகிவிட்டதா, சம்பளம் எவ்வளவு என்ற கட்டத்துக்குப் பேச்சு போயிருந்தது.

மத்தியானம் அவரிடம் அப்பாவின் கதையைச் சொன்னேன். வேலை இடத்தில் நான் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எந்தத் தூண் என்று கேட்டார். காட்டினேன். நல்லவேளை, அதில் பெயர் பொறிக்கலாமா என்று கேட்கவில்லை; கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். பையிலிருந்து வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்தார். "சுத்தி இருக்கிற அறைகளை எடுத்துட்டா ஆசாரம் தனியா நிக்குமா மேடம்?" என்றார்.

"நிக்கும். கூரை முழுக்கத் தூண்கள் மேலதான் இருக்கு. அறைச் சுவர்கள் அதைத் தாங்கறதில்லை."

"அப்போ ஆசாரத்தை முன்னால விட்டுட்டு, புதுக் கட்டடத்தைப் பின்னால தள்ளணும். பின்னால இடம் வேணுமே. அங்கே ஏதோ ஒரு பழைய ஷெட் மாதிரி…"

"அது என் ஆபீசு" என்றேன்.

குழுக் கூட்டத்தில் துணைவேந்தருக்கு ஆசாரம் என்றால் கூடம் என்று விளக்கவே பாதி நேரம் போயிற்று. புரிந்ததும் மேசையைத் தட்டிச் சிரித்தார். ஆனால் சிரிப்பு வேறு, சம்மதம் வேறு. ஒரு கூடத்துக்காகக் கட்டடத்தையே நகர்த்த வேண்டுமா, இடத்துக்கு எங்கே போவது என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். இடம் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அப்பா உட்கார்ந்த தரையை வாரிப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயத்திலேயே எழுந்து, கட்டடப் பிரிவு அலுவலகத்தையும் கிடங்கையும் எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு ஒரு மூலை போதும் என்று சொல்லிவிட்டேன். அந்தத் திருத்தத்தோடு ஒப்புதல் கிடைத்தது. என் ஸ்டோர்கீப்பர் மட்டும் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாத நாளிலும் எனக்கு டீ வந்துகொண்டுதான் இருந்தது.

புது வரைபடம் வந்தபோது கூடத்தின் மேல் சிவப்பு இல்லை. தமிழில் பெரிதாக "ஆசாரம்" என்றும், யாரும் மறுபடி துளசிச் செடியோடு வந்துவிடக் கூடாது என்று அதன் கீழே சின்னதாக "முன்கூடம்" என்றும் எழுதியிருந்தது. ஈசானிய மூலையில் இருந்த மண்டபம் போய்விட்டது. அங்கே வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் குடிதண்ணீரும் கழிப்பறையும் வந்தன. வளாகத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அது.

வேலை நடந்த காலமெல்லாம் என் மேசை ஆசாரத்தின் ஒரு மூலையில் கிடந்தது. சிமெண்டுத் தூசி, ஜல்லி கொட்டுகிற சத்தம், போகிற வருகிறவர்கள் எல்லோரும் பஸ் நேரம் கேட்பது. ஆனாலும் காற்று வரும். அறைக்குள் உட்கார்ந்து நான் கத்திய கத்தலில் பாதிகூட அங்கே உட்கார்ந்து கத்தவில்லை என்று என் பிரிவில் சொல்லிக்கொள்கிறார்கள். அத்தனை பேர் பார்க்கக் கத்த எனக்கே கூச்சமாக இருந்ததுதான் காரணம்.

இந்த ஆண்டு சேர்க்கைக்குப் புதுக் கட்டடம் திறந்துவிட்டது. ஆசாரத்துக்குப் பின்னால், அதற்கு வழிவிட்டு ஒதுங்கி, நிமிர்ந்து நிற்கிறது. பிள்ளைகள் லிப்டில் சும்மாவே ஏறி இறங்குகிறார்கள். ஆய்வகத்தில் முழங்கை இடிப்பதில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமைதான், அதை மறைப்பானேன்.

முதல் நாள் காலையில் நான் பக்கவாட்டு வாசலில் தண்ணீர்க் குழாயைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் தன் மகளோடு வந்து புதுக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்றார். உள்ளே பளபளவென்று தரை. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கதவு தானாகத் திறந்ததும் திடுக்கிட்டு ஓரடி பின்னால் வந்தார். மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை.

எனக்கு முன்பின் யோசிக்க நேரமில்லை. குழாயை விட்டுவிட்டுத் திரும்பி, "ஏனுங்க, அங்கெதுக்கு நிக்கறீங்க? ஆசாரத்துல வந்து உக்காருங்க" என்று கூப்பிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஆசாரத்தைப் பார்த்தார். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு நேரே நடந்து வந்தார். துண்டால் தரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தூணில் நன்றாக முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"நீ போயி எல்லாத்தையும் பாத்துட்டு நெதானமா வா சாமி" என்றார் மகளிடம். "நான் ஆசாரத்துலதான் இருக்கறேன்."

அன்றைக்கு என் அப்பா, நான் போய்த் திரும்பி வருகிறவரைக்கும், மடக்கிய காலை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். இவர் காலை நீட்டிவிட்டார்.